கடல் கடந்து திரும்பிய கீதை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் எங்கள் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே பணிபுரிந்த எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அச்செய்தி உடனே முழங்கியது. மக்கள் கரையை விட்டு அகன்றனர். வீடுகளும் படகுகளும் சிதைந்தன. ஏராளமான உயிர்கள் பிழைத்தன.

கடல் கடந்து வந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கி, அதன்படி நடந்ததால் கிடைத்த வாழ்வு அது. அதுபோலவே கடல் கடந்து என்னிடம் வந்து சேர்ந்த மற்றொரு சொல்லைப் பற்றி, இந்த வாரம் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பேத்தி கேட்ட கேள்வி

என் இல்லாள் மறைந்த ஆண்டு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் பேத்தி, அமெரிக்க இலக்கியப் பாடநூலோடு வந்து அமர்ந்தாள். “தாத்தா, எமர்சன் எழுதிய இந்தக் கவிதைக்குப் பெயரே ‘பிரம்மா’. இதில் வருவது நம் கீதையில் இருக்கிறதாம். நீங்கள்தான் தினமும் கீதைக்குப் பூப் போடுகிறீர்களே, கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்” என்றாள்.

பூஜை அறையிலிருந்து என் தந்தையார் வைத்துச் சென்ற கீதையை எடுத்தேன். அட்டையில் சந்தனமும் குங்குமமும் படிந்திருந்தன. உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வங்கியில் பிறர் கணக்கையெல்லாம் வரி வரியாகச் சரிபார்த்தவன், என் வீட்டுப் புத்தகத்தைப் பிரித்தே பார்க்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இரு நண்பர்களின் துயரம்

சார்லஸ் வில்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் கீதையை வடமொழியிலிருந்து நேராக ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூல் 1785-இல் லண்டனில் வெளிவந்தது. அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்காவின் கன்கார்டு என்ற சிற்றூரில் வாழ்ந்த ரால்ஃப் வால்டோ எமர்சனின் கைக்குச் சென்றது.

எமர்சன் முதலில் கிறிஸ்தவ தேவாலயத்தில் போதகராக இருந்தவர். 1831-இல் இளம் மனைவியை இழந்தார். மறு ஆண்டே அப்பணியைத் துறந்தார். 1842 ஜனவரியில் ஐந்து வயது மகனையும் பறிகொடுத்தார். அதே மாதத்தில் அவருடைய இளைய நண்பர் ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன், சவரக்கத்தி கீறிய சிறு காயத்தால் இசிவு நோய் கண்டு மாண்டார். மரணத்தை இவ்வளவு அருகில் கண்ட இருவரும் பின்னர் கீதையைப் பயின்றார்கள்.

எமர்சனும் அவர் நண்பர்களும் வளர்த்த சிந்தனைக்கு ‘டிரான்ஸென்டென்டலிசம்’ என்று பெயர். புலன்களுக்கு அப்பாற்பட்ட உண்மையை மனிதன் தன் உள்ளத்திலேயே உணர முடியும். எல்லா உயிர்களையும் இயற்கையையும் ஒரே பேரான்மா தழுவி நிற்கிறது என்பது அதன் சாரம். ஜெர்மானியத் தத்துவமும் ஆங்கிலக் கவிதையும் அதற்கு உரமிட்டன. நம் நாட்டு ஞானநூல்கள் அதற்கு மேலும் வலுவூட்டின. 1857-இல் வெளியான ‘பிரம்மா’ கவிதையில், கொல்பவன் என்றும் கொல்லப்படுபவன் என்றும் எண்ணுவது அறியாமை என்ற கடோபநிடதக் கருத்தை, கீதையின் இரண்டாம் அத்தியாயமும் உரைப்பதை, எமர்சன் ஆங்கிலத்தில் வடித்தார்.

குளக்கரையில் ஒரு சாதகர்

தோரோ ஒரு படி மேலே சென்றார். 1845 ஜூலை 4 அன்று, வால்டன் குளக்கரையில் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தாமே கட்டிய சிறு குடிலில் குடியேறினார். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக அங்கே வாழ்ந்தார். அவரைக் காலைப் பொழுதின் துணையாகத் தொடர்ந்தது கீதை.

1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்துப் பனிக்கட்டியைக் கூலியாட்கள் வெட்டிக் குவிப்பதைத் தோரோ கண்டார். அக்காலத்தில் அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. அந்த ஊர்களின் மக்கள் தம் குளத்து நீரைப் பருகுவார்கள் என்றும், வால்டன் நீர் கங்கையின் புனித நீரோடு கலக்கிறது என்றும் 1854-இல் வெளியான தம் ‘வால்டன்’ நூலில் எழுதி மகிழ்ந்தார்.

அந்தப் பனிக்கட்டி வாணிபத்துக்காகச் சென்னையில் எழுந்த கட்டடம் இன்றும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. ‘ஐஸ் ஹவுஸ்’ என்று நாம் அறிந்த அந்த மாளிகையில்தான், அமெரிக்காவில் வேதாந்தம் முழங்கித் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாட்கள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். அமெரிக்கப் பனிக்கட்டி இறங்கிய இடத்தில் அமெரிக்கா சென்று வந்த துறவி தங்கியதை இறைவன் திருவிளையாடல் என்றே என் மனம் கொள்கிறது.

1855-இல் ஓர் ஆங்கிலேய நண்பர் இந்திய ஞானநூல்கள் நிறைந்த பெட்டியைத் தோரோவுக்கு அனுப்பினார். அவற்றை வைக்க, ஆற்றில் மிதந்து வந்த மரத்துண்டுகளைக் கொண்டு தம் கையாலேயே அலமாரி செய்தார் அவர். மரச்சட்டங்கள் கரையொதுங்குவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தச் செய்தி நெஞ்சைத் தொட்டது.

புதுவைக்கு வந்த அலை

எமர்சன் வாழ்த்தி வரவேற்ற கவிஞர் வால்ட் விட்மன். அவருடைய புதுமைக் கவிதை நம் மகாகவி பாரதியாரைக் கவர்ந்தது. விட்மனைப் பற்றித் தமிழில் கட்டுரை வரைந்த பாரதியார், கீதையையும் தமிழாக்கினார். 1908 முதல் 1918 வரை அவர் வாழ்ந்தது நம் புதுவையில்தான். 1910-இல் இங்கு வந்த ஸ்ரீ அரவிந்தரும், தம் ‘ஆர்யா’ இதழில் கீதைக்கு விரிவுரை எழுதிய காலத்திலேயே, எதிர்காலக் கவிதை பற்றிய தொடரில் விட்மனை ஆராய்ந்தார். நம் ஞானம் உலகைச் சுற்றி நம் வாசலுக்கே திரும்பி வந்திருந்தது.

பேத்தியும் நானும் ஒட்டியிருந்த பக்கங்களை மெல்லப் பிரித்தோம். இரண்டாம் அத்தியாயத்தை நாளுக்கு ஒரு சுலோகமாகப் பொருளோடு படித்தோம். மனைவியை நினைத்துக் கலங்கிய இரவுகள் முற்றிலும் நீங்கிவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவுகளில் எழுந்து அமர்ந்து படிக்க ஒரு பக்கம் இருக்கிறது.

என் வயதொத்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீதைக்குப் பூச்சூட்டுங்கள், சந்தனமும் இடுங்கள். அதன்பின் ஒரு பக்கமாவது திறந்து, வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். ஒலிபெருக்கியில் வந்த சொல் அதைக் கேட்டு நடந்தவரைக் காத்தது. கண்ணன் சொல்லும் அவ்வாறே.