வளர்ப்புப் பிராணியும் வாடகை வீடும்

வாடகை வீடு ஒருவருடைய உடைமை, மற்றொருவருடைய உறைவிடம். ஆதலின், குடிபுகும் நாளில் நிலவிய நேசம் குடிபெயரும் நாளில் சில வேளைகளிற் குலைந்துபோகின்றது. வீட்டில் நாயோ பூனையோ வளர்ந்திருப்பின் பிணக்குக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. திரும்பக் கிடைக்கும் முற்பணத்தை நம்பியே அடுத்த ஊரில் வீடு தேடும் குடும்பத்துக்கு இது சிறு தொல்லையன்று. அப்பணத்தை இழக்கும் அச்சத்தால் வாயில்லாச் சீவனை வீதியில் விட்டுச் செல்வாரும் உளர்.

அவிசாவளையிலிருந்து அட்டன் செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள கினிகத்தேனையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் அங்கு மழை மிகுதி. சுவர்கள் ஈரம் உறிஞ்சும்; சுண்ணாம்பு உரியும்; பலகைக் கதவுகள் பூஞ்சணம் பிடிக்கும். எனவே, மழை செய்த சேதம் எது, பிராணி செய்த சேதம் எது என்பதே அங்கு முதல் வினா.

விடை காண்பது அரிதன்று. கதவின் கீழ்ப்பாகத்தில் அடுத்தடுத்து ஓடும் கீறல்கள் நகத்தின் வேலை. சுவரின் அடியெங்கும் பரவி மேலெழும் கறை நிலத்தின் ஈரம். கூரையருகே தொடங்கி வழியும் கறை ஒழுக்கு. ஒரு மூலையில் மாத்திரம் கறையும் கடும் நாற்றமும் இருப்பின் பிராணியை ஐயுறலாம்.

இலங்கையில் வாடகை உறவுக்கு உரோமன் டச்சுச் சட்டம் அடிப்படையாகும். பெற்ற நிலையிலேயே வீட்டை ஒப்படைத்தல் குடியிருப்பவர் கடமை. நியாயமான பாவனையால் வரும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர். வீட்டைத் தக்க நிலையிற் பேணுதல் உரிமையாளர் கடமை. ஆகவே, ஒழுகும் கூரையின் செலவை நாயின் கணக்கில் எழுதுதலும் முறையன்று. நாய் பிறாண்டிய கதவுக்கு மழையைக் குறைகூறுதலும் முறையன்று.

தொகையிலும் அளவு வேண்டும். ஒரு கதவு கீறப்பட்டால் அக்கதவைச் செப்பனிடும் செலவே இழப்பாகும். வீடு முழுவதற்கும் தீந்தை பூசும் செலவன்று. ஐந்தாண்டு நிற்கக்கூடிய பூச்சு நான்காண்டு கழிந்தபின் கெட்டதாயின், ஐந்தில் ஒரு பங்கைக் கோருவதே நேர்மை.

இணக்கம் ஏற்படாவிடின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மத்தியஸ்த சபையை நாடலாம். சட்டத்தரணியின்றி இரு தரப்பினரும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ள அங்கே வழியுண்டு.

ஆயினும், பிணக்கைத் தடுக்கும் காலம் குடிபுகும் நாளே. அன்று இரு தரப்பினரும் அறை அறையாகச் சென்று, முன்பே உள்ள கறையையும் கீறலையும் எழுதி, படம் பிடித்து, கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளல் வேண்டும். பிராணி வளர்க்க அனுமதி உண்டா, முற்பணத்திலிருந்து எதற்காகக் கழிக்கலாம் என்பனவும் அதில் இடம்பெறல் நன்று. நினைவு மாறும்; எழுத்து மாறாது என்பதை நேயர்கள் மறவாதிருப்பாராக.