சைகா திரும்பிவிட்டது, ஆவுளியா ஏன் திரும்பவில்லை?

மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக வலசை போகும் சைகா மறிமானைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சோவியத் உடைந்த பிறகு, கொம்புக்காக வேட்டையாடியே அதைக் காலி செய்தார்கள். 2005 வாக்கில் கஜகஸ்தானில் மிஞ்சியது சுமார் 40,000. 2015-ல் ஒரு பாக்டீரியா நோய் மூன்றே வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கொன்றது. முடிந்தது கதைன்னு எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 2023 கணக்கெடுப்பில் பத்தொன்பது லட்சம்!

படித்ததும் எனக்கு நம்ம ஊர் மேய்ச்சல் விலங்கு ஞாபகம் வந்தது. ராமநாதபுரம் கடற்கரையில் ஆவுளியா என்றும் கடல் பசு என்றும் சொல்வோமே, அதுதான். பேரில் பசு இருந்தாலும் உறவு முறையில் யானைக்குத்தான் பக்கம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அதன் கறி சாதாரணமாக விற்றது. 1972 வனவிலங்குச் சட்டம் அதைத் தடை செய்தது. ஐம்பது வருஷம் ஆச்சு. இன்றைக்கு இந்தியக் கடலில் இருப்பது சுமார் 240 தான் என்கிறது தமிழக அரசு.

சைகா மீண்டது, இது ஏன் மீளவில்லை? விடை பிள்ளைப்பேற்றில் இருக்கிறது. பெட்டை சைகா பிறந்த முதல் வருஷத்திலேயே சினை பிடிக்கும்; அதன் பிறகு பெரும்பாலும் இரட்டைக் குட்டி. ஆவுளியாவோ முதல் குட்டி போடவே ஆறு வயதுக்கு மேல் ஆகும், சிலது பதினேழு வயது வரைகூட. சினைக்காலம் ஒரு வருஷத்துக்கும் மேல். ஒரு பேற்றுக்கு ஒரே குட்டி, அடுத்ததுக்கு மூணு முதல் ஏழு வருஷ இடைவெளி.

எல்லாம் நல்லபடி நடந்தாலும் ஆவுளியா கூட்டம் வருஷத்துக்கு 5 சதவீதம்தான் பெருகும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 240-ல் 5 சதவீதம் எவ்வளவு? பன்னிரண்டு. அதாவது, வழக்கமான சாவுக்கு மேலே பன்னிரண்டு ஆவுளியா வலையில் செத்தால் அந்த வருஷத்து வளர்ச்சி பூஜ்யம். அதுக்கு மேல போனா இறங்குமுகம்தான்.

சில நிமிஷத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய விலங்கு இது. செவுள் வலையில் சிக்கினால் மூச்சு முட்டியே செத்துப்போகும். யாரும் கொல்ல நினைக்க வேண்டியதே இல்லை. இழுவை மடி புல்தரையைச் சுரண்டுவது தனி நஷ்டம்.

2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரை கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. நல்ல விஷயம்தான். ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம். தொண்டிப் பக்கம் அதில் வராது. ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியுமா என்ன? புல் இருக்கும் இடத்துக்குப் போகும்.

அதனால், சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடும் மீனவர்தான் இங்கே முக்கியமான ஆள். அப்படி விட்டவர்களுக்கு வனத்துறை பரிசும் சான்றிதழும் கொடுக்கிறது. வலை போனால் அவருக்குப் பிழைப்பு போகும். அறுத்த வலையின் முழு விலையும் தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில், அவர் காப்பாற்றும் ஒவ்வொன்றும் பெரிய எண்.