கிடங்கின் வாயிற்காவலும் பழைய அனுமதிச் சீட்டும்

கிருஷ்ணகிரி மாம்பழம் ஆலைகளிற் கூழாகின்றது. ஓசூர் ரோஜா கர்நாடக எல்லையைக் கடந்து பெங்களூருச் சந்தைக்குச் செல்கின்றது. இவற்றின் எடை, விலை, பட்டுவாடாக் கணக்குகள் இன்று கணினியில் ஏறுகின்றன. பல கணினிகளுக்குப் பொதுக் கிடங்காக ஒரு சேமிப்புப் பெட்டியை வைப்பதும் உண்டு. அதன் காவல் முறையை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இத்தகைய பெட்டிகளிற் பல, ஐஸ்கசி என்னும் முறையைப் பின்பற்றுகின்றன. 2004-ஆம் ஆண்டு வரையறுக்கப்பெற்ற இம்முறையில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் உண்டு. பட்டியலிற் பெயர் இருந்தால்தான் கிடங்கு திறக்கும். 2011-ஆம் ஆண்டு முதல் லினக்ஸிலேயே இவ்வசதி அமைந்துள்ளது.

அதில் 'ஜெனரேட் நோட் ஏசிஎல்ஸ்' என்னும் விசையை 1 என வைத்தால், பட்டியலில் இல்லாத கணினிக்கும் அக்கணமே அனுமதிச் சீட்டு எழுதப்படும். 'கேஷ் டைனமிக் ஏசிஎல்ஸ்' என்பதும் 1 ஆயின், அக்கணினி விலகிய பின்னும் சீட்டு கிழிக்கப்படாது. முதல் விசையைத் திறந்தால் இரண்டாவது தானே திறந்துகொள்ளும். முன்னதை மூடாமல் பின்னதை மூட இயலாது.

ஆபத்து இங்கேதான் உள்ளது. சோதனைக்காக ஒருநாள் திறந்து, மறுநாள் முதல் விசையை மட்டும் மூடிவிட்டு நாம் ஆறுதல் கொள்கிறோம். முந்தின நாள் வந்த கணினியின் சீட்டோ நினைவில் இருக்கின்றது. அது மீண்டும் நுழையலாம். இயல்பாக அத்தகைய கணினி படிக்க மட்டுமே கூடும். ஆனால் 'டெமோ மோட் ரைட் புரொடெக்ட்' என்பதை 0 ஆக்கியிருந்தால் எழுதவும் கூடும். சாதாரணக் கோப்பு முறையுள்ள ஒரே வட்டில் இரு கணினிகள் ஒருங்கே எழுதினால் கணக்குகள் சிதைந்துபோகும். அது குடியானவரின் பட்டுவாடாக் கணக்காயின், நட்டம் யாரைச் சேரும்?

ஆதலின், சோதனை முடிந்ததும் செய்ய வேண்டியவை:

1. இரண்டு விசைகளையும் 0 ஆக்குக.
2. உரிய கணினிகளின் பெயர்களை மட்டும் பட்டியலிற் பதிந்து சேமிக்க.
3. கிடங்கு அமைப்பை நீக்கி மீண்டும் ஏற்றுக. பழைய சீட்டுகள் அப்பொழுதே அழியும்.
4. பெயரைப் பிறரும் சொல்லிக்கொள்ளலாம்; எனவே 'சாப்' என்னும் இரகசியச் சொல் முறையையும் சேர்க்க.

சங்கத்திற்கோ பஞ்சாயத்திற்கோ இத்தகைய பெட்டி வாங்கும்போது, பொருத்துபவரிடம் இந்நான்கையும் கேட்டறிதல் அங்கத்தினர் கடமையாகும். பூட்டு வாங்கினால் மட்டும் போதாது. சாவி யார் யாரிடம் உள்ளது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.