வீடு சுருங்கியது, ஆள் சுருங்கவில்லை: நான்கு தேர்தல்களின் கணக்கு

இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் வட்டக்கச்சி, 1984இல் உருவான கிளிநொச்சி நிர்வாக மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டக் கணக்கில் சேர்கிறது. அம்மாவட்டத்தின் 11 தொகுதிகளில் கிளிநொச்சி 1. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் யாழ்ப்பாண நிர்வாக மாவட்டத்தில் 583,882 பேர், கிளிநொச்சியில் 113,510 பேர். இரண்டையும் கூட்டினால் கிளிநொச்சியின் பங்கு 16.3 வீதம்.

1989இல் விகிதாசார முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அதற்கு முன் கிளிநொச்சிக்குத் தனி உறுப்பினர் உண்டு. 1970இலும் 1977இலும் வீ. ஆனந்தசங்கரி அங்கு வென்றார். புதிய முறையில் 16.3 வீதத்தை மட்டும் நம்பி முன்வரிசைக்கு வருவது கடினம். பாடசாலை அதிபராக இருந்து அரசியலுக்கு வந்த, கிளிநொச்சியைத் தளமாகக் கொண்ட சிவஞானம் சிறீதரனின் எண்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் எண் 10,057, சிறீதரனின் விருப்பு வாக்கு. 2010 ஏப்ரலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 721,359 பேர், வாக்களித்தோர் 23.3 வீதம். வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 65,119 வாக்குகளும் 9 ஆசனங்களில் 5உம் பெற்றது. வென்ற ஐவரில் சிறீதரன் ஐந்தாமவர். முதலாமவரான மாவை சேனாதிராசாவின் விருப்பு வாக்கு 20,501. சிறீதரனுடையது அதில் பாதியை எட்டவில்லை.

இரண்டாவது எண் 72,058. 2015 ஓகஸ்டில் மாவட்டத்தின் ஆசனங்கள் 7ஆகக் குறைந்திருந்தன. கூட்டமைப்பின் வாக்கு 207,577ஆக, 3.2 மடங்கானது. சிறீதரனின் விருப்பு வாக்கு 7.2 மடங்கானது. ஐந்தாமிடத்தில் இருந்தவர் முதலிடத்துக்கு வந்தார். இரண்டாமவர் பெற்றது 58,782, இடைவெளி 13,276.

மூன்றாவது எண் 35,884. 2020இல் கூட்டமைப்பு 94,610 வாக்குகளை, அதாவது 45.6 வீதத்தை இழந்தது. சிறீதரனின் இழப்பு 36,174, அதாவது 50.2 வீதம். கட்சியை விட அவர் சற்றுக் கூடுதலாகவே இழந்தார். கூட்டமைப்பின் ஆசனம் 5இலிருந்து 3ஆனது. பட்டியலில் முதலிடம் அவருக்கே கிடைத்தது. மாவட்ட முதலிடம் 36,365 பெற்ற அங்கஜன் இராமநாதனுக்குப் போனது. வித்தியாசம் 481.

நாடாளுமன்றத்துக்கு வெளியே ஓர் எண்ணும் உண்டு: 184. 2024 ஜனவரி 21இல், சிறீதரன் சார்ந்த இலங்கைத் தமிழரசுக் கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பில் தெரிவு செய்தது. முன்னாள் பாடசாலை அதிபரான சிறீதரனுக்கு 184, ஜனாதிபதி சட்டத்தரணி எம். ஏ. சுமந்திரனுக்கு 137. மொத்தம் 321இல் 57.3 வீதம். செல்வநாயகம், அமிர்தலிங்கம் எனச் சட்டத்தரணிகள் வழிநடத்திய கட்சி அது. தெரிவு நீதிமன்றம் வரை போனதால் பதவி கைக்கு வருவது தடைப்பட்டது.

நான்காவது எண் 32,833. 2024 நவம்பரில் முன்னைய பங்காளிகள் பிரிந்திருக்க, தமிழரசுக் கட்சி வீட்டுச் சின்னத்தில் தனித்து நின்றது. வீட்டுக்கான வாக்கு 2020இன் 112,967இலிருந்து 63,327ஆக, 43.9 வீதம் சரிந்தது. தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளுடன் 6 ஆசனங்களில் 3ஐ எடுத்தது. தமிழரசுக்கு 1. சிறீதரன் இழந்தது 3,051 விருப்பு வாக்கு, 8.5 வீதம்.

நான்கையும் கட்சி வாக்கின் பங்காக எழுதினால் வரிசை இப்படி அமையும்: 15.4, 34.7, 31.8, 51.8 வீதம். ஒருவர் மூன்று விருப்பு வாக்கு வரை இடலாம் என்பதால் வேட்பாளர்களின் பங்குகளைக் கூட்டினால் 100ஐத் தாண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும், 2010இல் வீட்டுக்குப் புள்ளடியிட்ட ஏழு பேரில் ஏறக்குறைய ஒருவர் அவருடைய இலக்கத்தைத் தெரிவு செய்தார். 2024இல் இருவரில் ஒருவர்.

பிரான்சிலும் இத்தகைய கணக்கு உண்டு. 16 வயதில் உலோகத் தொழிலாளியான பியர் பெரேகொவ்வா 1992 ஏப்ரல் 2இல் பிரதமரானார். 361 நாள் பதவியில் இருந்தார். அவருடைய சோசலிசக் கட்சியின் முதற்சுற்று வாக்கு 1988இல் 34.8 வீதம், 1993இல் 17.6 வீதம். கட்சி பாதியான அந்தத் தேர்தலிலும் நியேவ்ரில் அவர் தன் ஆசனத்தைத் தக்கவைத்தார்.

51.8 வீதத்தைத் தனி மனிதரின் வளர்ச்சியாக மட்டும் வாசிக்க முடியாது. 2020க்கும் 2024க்கும் இடையில் பின்னத்தின் தொகுதி எண்ணான அவருடைய வாக்கு 35,884இலிருந்து 32,833ஆகக் குறைந்தது, பகுதி எண்ணான கட்சி வாக்கு 112,967இலிருந்து 63,327ஆகக் குறைந்தது. வீதம் 20 புள்ளி ஏறியதற்குக் காரணம் இரண்டாவது குறைவே.