சிறு விமானத்தில் பிராணவாயு

மைசூரு நகருக்குத் தெற்கே மண்டகள்ளியில் அமைந்துள்ள விமான நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,300 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோயம்புத்தூருக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்த நேர்கோடு நீலகிரி மலைத்தொகுதியின் கிழக்குப் பகுதியைக் குறுக்கே கடந்து செல்கிறது. அம்மலையின் உச்சியான தொட்டபெட்டா 8,652 அடி உயரமுள்ளது. இன்னும் தெற்கே சென்றால் 8,842 அடி உயரமுள்ள ஆனைமுடி நிற்கிறது. மலைகளுக்கு மேலே குறைந்தது 2,000 அடி இடைவெளி விட்டுப் பறப்பது நல்ல வழக்கமாதலால், இவ்வழியில் செல்லும் சிறு விமானம் 10,500 அடி அல்லது 11,000 அடிக்கு ஏற வேண்டியிருக்கும். மேகத்திரளைத் தவிர்க்க எண்ணி இன்னும் ஆயிரம் அடி ஏறுவதும் உண்டு. நால்வர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானம் பெருமுயற்சியின்பேரில் 13,000 அடியை எட்டக்கூடியது. விமானம் அங்கே சென்றுவிடும். அதனுள் இருக்கும் மனிதனின் நிலை என்ன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பெரிய பயணி விமானங்கள் 35,000 அடியில் பறந்தாலும், அவற்றின் அறைக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி, உள்ளே 8,000 அடி உயரத்திற்கு மேற்படாத நிலையை வைத்திருக்கிறார்கள். சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. வெளியே எவ்வளவு அழுத்தமோ உள்ளேயும் அவ்வளவே.

காற்றில் பிராணவாயுவின் விகிதம் எவ்வுயரத்திலும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது விகிதமன்று, அழுத்தமே. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் பிராணவாயுவின் பங்கு சுமார் 159 மில்லிமீட்டர். 10,000 அடியில் மொத்த அழுத்தம் 523 ஆகவும், 18,000 அடியில் சரிபாதியாகிய 380 ஆகவும் குறைகிறது. நுரையீரலுக்குள் உடற்சூட்டினால் உண்டாகும் நீராவி எந்த உயரத்திலும் 47 மில்லிமீட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், எஞ்சிய பங்கு இன்னும் சுருங்குகிறது. கடல் மட்டத்தில் 97 அல்லது 98 சதவீதம் பிராணவாயு ஏற்றிக்கொண்டிருக்கும் இரத்தத்தின் ஹீமோகுளோபின், 10,000 அடியில் 90 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் வீழ்ச்சி செங்குத்தானது.

முதலில் பாதிக்கப்படுவது கண். மங்கிய ஒளியில் காணும் ஆற்றல் 5,000 அடியிலேயே குறையத் தொடங்குகிறது. அந்தி மயங்கும் வேளையில் மலையைக் கடந்து இறங்க வரும் விமானிக்கு இது சிறிய செய்தியன்று. புகைபிடிப்பவரின் நிலை மேலும் மோசம். அவருடைய ஹீமோகுளோபினில் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்ஸைடு முன்னரே கைப்பற்றியிருப்பதால், அவர் தரையில் நிற்கும்போதே சில ஆயிரம் அடி ஏறிவிட்டவர் போலாவார்.

இக்குறைவு வலிப்பதில்லை, மூச்சு முட்டுவதுமில்லை. மூச்சுத்திணறல் என்னும் உணர்வைப் பெரும்பாலும் உண்டாக்குவது உடலில் தேங்கும் கரியமிலவாயு. உயரத்தில் அது வழக்கம்போல் வெளியேறிவிடுவதால், எச்சரிக்கை மணி அடிப்பதேயில்லை. மாறாக, மனத்தில் ஒருவித உற்சாகம் தோன்றுகிறது. கூட்டல் கழித்தல் பிழைபடுகிறது, வரைபடத்தை இருமுறை பார்த்தும் பொருள் விளங்குவதில்லை. எனினும் எல்லாம் செவ்வனே நடப்பதாக விமானி நம்புகிறார். தன் குறையைக் கண்டறிய வேண்டிய உறுப்பே முதலில் கெடுவதுதான் இதிலுள்ள அபாயம்.

1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பாரிஸிலிருந்து 'ஜெனித்' என்னும் பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் ஏறினர். தாழ்ந்த அழுத்தத்தின் விளைவுகளை ஆராய்ந்த பால் பெர் என்னும் உடலியல் அறிஞரின் யோசனைப்படி அவர்கள் பிராணவாயு கலந்த காற்றைப் பைகளில் நிரப்பிக் கொண்டுசென்றனர். அது போதாது என்று அவர் எழுதிய கடிதம் காலத்தில் வந்து சேரவில்லை. அளவு குறைவென்று தெரிந்திருந்ததால், மிகத் தேவைப்படும்போது பயன்படுத்தலாம் என்று அவர்கள் காத்திருந்தனர். தேவை வந்தபோது கை எழவில்லை. பலூன் 8,000 மீட்டருக்கும் மேலே சென்று இறங்கியது. குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய இருவரும் மாண்டனர். கஸ்தோன் திஸாந்தியே உயிர் பிழைத்தார், ஆனால் செவிப்புலனை இழந்தார். பிராணவாயு அவர்களின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே சிறு விமானத்திற்குக் கருவி தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "ஆபத்து வந்தால் இது உதவுமா?" என்பதன்று, "ஆபத்து வருமுன்பே இதை அணிந்துகொண்டு பறப்பது எளிதாக இருக்குமா?" என்பதேயாகும். அணியத் தொல்லையான கருவி பெட்டியிலேயே கிடக்கும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிப்படி, 10,000 அடிக்கும் 13,000 அடிக்கும் இடையே அரைமணி நேரத்திற்கு மேல் பறந்தால் விமானிக்குப் பிராணவாயு வேண்டும். 13,000 அடிக்கு மேல் எந்நேரமும் வேண்டும். அமெரிக்க விதி சற்றுத் தளர்வானது: அரைமணிச் சலுகை 12,500 அடியில் தொடங்கி 14,000 அடியில் முடிகிறது. மைசூரிலிருந்து கோயம்புத்தூர் செல்பவர் மலைக்கு மேல் இருப்பது பதினைந்து இருபது நிமிடமே என்பதால் விதி அவரைக் கட்டாயப்படுத்தாது. ஆயினும் விதி சராசரி மனிதனுக்கு எழுதப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர், சளி பிடித்தவர், முதல் நாள் உறக்கமிழந்தவர் ஆகியோரின் உடல் விதியைப் படித்ததில்லை.

இந்நிலையில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் மிகப் பயனுள்ள சிறு கருவி. அது இரத்தத்தின் பிராணவாயு நிறைவைச் சதவீதமாகக் காட்டுகிறது. அளவு 90-ஐ நெருங்கினால் ஓட்டத்தைக் கூட்டவேண்டும் அல்லது கீழே இறங்கவேண்டும். ஆனால் இரு எச்சரிக்கைகள் உண்டு. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவைத் தவறச் செய்யும். மேலும், கார்பன் மோனாக்ஸைடு பற்றிய ஹீமோகுளோபினையும் நல்ல ஹீமோகுளோபினையும் இக்கருவி பிரித்தறியாது. எஞ்சின் புகை அறைக்குள் கசியும்போதுகூட அது 97 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

உருளையும் கணக்கும்

எடுத்துச் செல்லத்தக்க அமைப்பில் உள்ளவை நான்கே: அழுத்தமான பிராணவாயு அடைத்த சிலிண்டர், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர், ஓட்டமானி, மூக்குக்குழாய் அல்லது முகமூடி. சிலிண்டர் எஃகினாலோ அலுமினியத்தாலோ கார்பன் இழை சுற்றியோ செய்யப்பட்டிருக்கும். எஃகு மலிவு, ஆனால் கனமானது. நால்வர் ஏறினால் எரிபொருளைக் குறைக்க வேண்டிய விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். ஆதலால் அலுமினியம் பொதுவாகப் பொருத்தமானது.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தொடர்ந்து ஓடும் அமைப்பில், ஒவ்வொரு 10,000 அடிக்கும் ஒருவருக்கு நிமிடத்திற்கு ஒரு லிட்டர் என்பது விமானிகள் கையாளும் தோராய அளவு. 12,000 அடியில் இருவருக்கு நிமிடத்திற்கு 2.4 லிட்டர் ஆகும். 3 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 450 லிட்டர் கிடைக்கும். அதை 2.4 ஆல் வகுத்தால் 187 நிமிடம். மூன்றில் ஒரு பங்கைக் கைக்காவலாக ஒதுக்கினால் இரண்டு மணி நேரம் மிஞ்சும். தென்னிந்தியாவின் எந்த மலையைக் கடப்பதற்கும் இது தாராளம்.

மூச்சை வெளியிடும்போதும் வாயு வீணே ஓடுவதைத் தடுக்க, சிறு சேமிப்புப் பை இணைந்த மூக்குக்குழாய்கள் வந்துள்ளன. இவற்றால் செலவு பெரிதும் குறைகிறது. மூச்சு இழுக்கும் கணத்தில் மட்டும் ஒரு துடிப்பாக வாயுவைத் தரும் மின்கருவிகள் இன்னும் சிக்கனமானவை. ஆனால் அவற்றுக்கு மின்கலம் வேண்டும். பேசிக்கொண்டே வாயால் மூச்சு விடுபவருக்குத் துடிப்பு தவறிவிடும். ஆகவே அத்தகைய கருவி வாங்குபவர் தொடரோட்ட ரெகுலேட்டர் ஒன்றையும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

மூக்குக்குழாய் 18,000 அடி வரையே ஏற்றது. அதற்கு மேல் முகமூடி அவசியம். நமது தெற்கத்திய மலைகளுக்கு மூக்குக்குழாயே போதும். அதை அணிந்தபடியே வானொலியில் பேசலாம், நீர் அருந்தலாம். தாடி வைத்தவருக்கும் இடையூறில்லை. முகமூடியாயின் தாடியினூடே வாயு கசிந்துவிடும்.

வாயுவின் தூய்மை பற்றி ஒரு சொல். விமானிகளுக்கான பிராணவாயு 99.5 சதவீதம் தூய்மையும், மிகக் குறைந்த ஈரமும் உடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் இருப்பின் மேலே குளிரில் உறைந்து வால்வை அடைத்துவிடும். மருத்துவமனையில் நோயாளிக்கு அளிக்கும்போது வாயுவை நீரினூடே செலுத்தி ஈரமாக்குவது போன்ற ஏற்பாடு விமானத்தில் கூடாது. பற்றவைப்புப் பட்டறையின் சிலிண்டரை மூச்சுக்குப் பயன்படுத்துவது முற்றிலும் விலக்கத்தக்கது. இந்தியாவில் மருத்துவப் பிராணவாயுச் சிலிண்டரின் உடல் கறுப்பாகவும் தோள் வெண்மையாகவும் இருக்கும். தொழிற்சாலைச் சிலிண்டர் முழுவதும் கறுப்பு. 2016-ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளின்படி உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே நிரப்பலாம். பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்குக் கொட்டகையில் தாமே மாற்றிக்கொள்ளும் ஆசை சிலருக்கு எழக்கூடும். அதனினும் மூடத்தனம் வேறில்லை.

பொருத்தும் முறை

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், பீகாரிலுள்ள பூர்ணியாவுக்கு அருகிலிருந்து இரு விமானங்கள் எழும்பி, வரலாற்றில் முதன்முறையாக எவரெஸ்ட் சிகரத்தின் மேல் பறந்தன. இரண்டாம் விமானத்தின் பின்னறையில் படமெடுத்துக்கொண்டிருந்த பானெட் என்பவர் அறியாமல் தம் பிராணவாயுக் குழாயை மிதித்துவிட்டார். குழாய் பிளந்தது. தலை சுற்றவே அவர் கீழே அமர்ந்து, பிளவைத் தேடிக் கண்டு, கைக்குட்டையால் அதைச் சுற்றிக் கட்டிவிட்டு நினைவிழந்தார். விமானம் தாழ இறங்கிய பின்னரே அவர் எழுந்தார். இமயத்தின் உச்சியைக் கடந்த பயணத்தில் ஓர் உயிர் தொங்கியது ரப்பர்க் குழாய் தரையில் கிடந்த விதத்தில்தான்.

ஆதலால் குழாய் செல்லும் வழியே முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். சிலிண்டரை முன்னிருக்கையின் முதுகில் உறுதியான பட்டைகளால் கட்டுவது பொதுவான முறை. குழாய் இருக்கைத் தண்டவாளத்தில் நசுங்காமலும், காலடியில் கிடக்காமலும், இருக்கைப் பட்டையோடு சிக்காமலும் தோளின் பக்கமாக வர வேண்டும். அழுத்தமானியும் வால்வும் விமானியின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுமாறு இருத்தல் வேண்டும்; பின்னிருக்கைப் பயணியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு ஏற்பாடே அன்று. கட்டப்படாத சிலிண்டரோ, கரடுமுரடான தரையிறக்கத்தில் தலைக்கு மேல் பாயும் இரும்புத் துண்டுதான். குண்டு மிதக்கும் ஓட்டமானி நிமிர்ந்து நின்றால்தான் சரியாகக் காட்டும் என்பதையும் மறக்கலாகாது.

நெருப்பு மற்றோர் அபாயம். பிராணவாயு தானே எரிவதில்லை; எரியும் எதையும் மூர்க்கமாக எரியச் செய்யும். எண்ணெய், கிரீஸ், உதட்டுக் களிம்பு ஆகியவை அழுத்தமான பிராணவாயுவின் முன் தாமே பற்றக்கூடும். எஞ்சினைத் தொட்ட கையால் ரெகுலேட்டரைத் திருகக் கூடாது. வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டெனத் திறந்தால், ரெகுலேட்டருக்குள் வாயு ஒரு நொடியில் அமுங்கிச் சூடேறி, உள்ளிருக்கும் தூசியைப் பற்றவைக்கும்.

மைசூரின் சித்திரை வெயிலில் நிறுத்திய விமானத்தின் அறை எளிதில் 57 டிகிரியை எட்டலாம். 27 டிகிரியில் 150 ஆக இருந்த அழுத்தம் அப்போது 165 ஆகும். அதே சிலிண்டர் மேலே 7 டிகிரிக் குளிரில் 140 எனக் காட்டும். பத்துப் புள்ளி குறைந்ததால் கசிவு என்று அஞ்ச வேண்டியதில்லை. வெயிலில் கூடியதால் நிறைய இருக்கிறது என்று மகிழவும் வேண்டியதில்லை. பறக்காத நாட்களில் சிலிண்டரை நிழலில் வைப்பதே நன்று.

தன் உடல் எவ்வாறு ஏமாற்றும் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே அறிய வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு நகம் நீலமாகும், மற்றொருவருக்கு விரல் நுனி மரக்கும், வேறொருவர் காரணமின்றிச் சிரிப்பார். அதே அறிகுறி அவரவருக்கு மறுமுறையும் பெரும்பாலும் அதே வரிசையில் தோன்றும். 1957-இல் நிறுவப்பட்ட பெங்களூரு விண்வெளி மருத்துவ நிலையத்தில், விமானப்படையினரைக் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அறையில் அமர்த்தி இதைக் காட்டிக்கொடுக்கிறார்கள். 18,000 அடியில் இருபது முப்பது நிமிடம் வரை அறிவு செயற்படும். 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிடமே. அவ்வறையில் அமர்ந்து எழுதிய கணக்குத் தாளைக் கீழே இறங்கிய பின் பார்ப்பவர் தம் கையெழுத்தையே நம்பமாட்டார்.

பிராணவாயு உண்டு என்பதனால் ஆடி மாத மேகத்திற்கு மேலே ஏறிவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. அம்மேகங்களின் முடி சிறு விமானம் எட்டாத உயரத்தில் இருக்கும். அக்காலத்தில் மலையைச் சுற்றிச் செல்வதோ, புறப்படாமல் இருப்பதோ தக்கது.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை: சிலிண்டரின் அழுத்தம், ரெகுலேட்டர், ஓட்டம் காட்டும் குண்டு, இணைப்புகள், முதலாவது பழுதானால் கைக்கு எட்டும் மற்றொரு மூக்குக்குழாய். மூக்குக்குழாயைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு, 8,000 அடியைக் கடக்கும்போது வால்வைத் திறந்துவிட்டால், மேலே சென்று தீர்மானிக்க வேண்டியது எதுவும் இராது. இறங்கியபின் வால்வை மூடி, குழாயில் எஞ்சிய வாயுவை வெளியேற்ற வேண்டும். சிலிண்டரை முற்றிலும் காலியாக்காமல் சிறிது அழுத்தத்தை மிச்சம் வைக்க வேண்டும். இல்லையேல் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும்.