இலைத்துளை இயக்கத்தில் அயனித் தடங்கள்: பனமலைப் பகுதி மானாவாரி நிலக்கடலையை முன்வைத்து

முன்னுரை

பனமலை, பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாலகிரீசுவரர் கோயிலால் அறியப்பெறும் ஊர். கீரனூர் அணைக்கட்டிலிருந்து வரும் நந்தன் கால்வாய் இவ்வூர் ஏரியை வந்தடைகிறது. ஏரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில் நிலக்கடலை மானாவாரியாக விளைகிறது. மழை இடையில் நின்றுபோனால் பயிர் எவ்வளவு நீரை இழக்கும், எவ்வளவு காய்க்கும் என்பதை இலைத்துளைகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. துளை திறந்திருந்தால் நீர் போகும். மூடினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது, உணவாக்கம் தடைப்படும். இத்திறப்பையும் மூடலையும் நிகழ்த்தும் அயனித் தடங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

பாடநூல்கள் பலவும் காப்பு செல்லுக்குள் பொட்டாசியம் செல்வதைக் கூறுவதோடு நின்றுவிடுகின்றன. எவ்வழியே, எதன் தூண்டலால் என்பது விடுபடுகிறது. ‘கால்வாய்ப் புரதம்’ என்னும் வழக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. கால்வாய் எப்போதும் திறந்தே கிடப்பது. செல் சவ்விலுள்ள தடமோ மின்னழுத்த வேறுபாட்டிற்கோ வேதிச் சைகைக்கோ ஏற்பத் திறந்து மூடும். ஏரியின் மதகோடு ஒப்பிடுவதே மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

திறப்பு

காலை ஒளியிலுள்ள நீலக்கதிரை ஃபோட்டோட்ரோபின் புரதங்கள் உணர்கின்றன. அதன் விளைவாகச் சவ்விலுள்ள புரோட்டான் ஏற்றி ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளித்தள்ளுகிறது. செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடையவே, ‘கேட்1’ முதலிய உள்நோக்கு பொட்டாசியத் தடங்கள் திறக்கின்றன. பொட்டாசியத்தின் நேர்மின் சுமையைக் குளோரைடும் மாலேட்டும் ஈடுசெய்கின்றன. கரைபொருள் பெருகுவதால் நீர் புகுந்து செல் விறைக்கிறது. துளையை ஒட்டிய சுவர் தடித்தும் நுண்ணிழைகள் ஆரம்போல் சூழ்ந்தும் இருப்பதால், விறைத்த செல்கள் வளைந்து விலகுகின்றன, துளை திறக்கிறது.

மூடல்

மூடல், திறப்பின் வெறும் தலைகீழ் நிகழ்ச்சியன்று. இதற்கெனத் தனித் தடங்கள் உள்ளன. மண் வறளும்போது பெருகும் அப்சிசிக் அமிலம் தன் ஏற்பியோடு பிணைந்து, பாஸ்பட்டேஸ் நொதிகளை அடக்குகிறது. அவற்றால் தடுக்கப்பட்டிருந்த ‘ஓ.எஸ்.டி.1’ கைனேஸ் விடுபட்டு, ‘ஸ்லாக்1’ என்னும் எதிரயனித் தடத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்து அதனைத் திறக்கிறது. குளோரைடு வெளியேறியதும் சவ்வின் எதிர்மின் அழுத்தம் குறைகிறது. அவ்வீழ்ச்சியே ‘கோர்க்’ எனப்படும் வெளிநோக்கு பொட்டாசியத் தடத்தைத் திறக்கும் சைகை. பொட்டாசியத்தைத் தொடர்ந்து நீரும் வெளியேறச் செல் தளர்ந்து துளை மூடுகிறது. பொட்டாசியம் வெளியேறுவதற்கு முன்னர் எதிரயனி வெளியேற வேண்டும் என்னும் இவ்வரிசையே இப்பொருளின் சாரம்.

இவ்வறிவு நேஹர், சாக்மன் ஆகியோர் 1976இல் வெளியிட்ட சவ்வொட்டு மின்னளவீட்டு முறையால் சாத்தியமாயிற்று; இருவரும் 1991இல் நோபல் பரிசு பெற்றனர். ஷ்ரோடரும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் விசியா ஃபாபா என்னும் அவரைக் குடும்பத் தாவரத்தின் காப்பு செல்லில் பொட்டாசியத் தடத்தை அளந்தனர். ‘ஸ்லாக்1’ 2008இல்தான் அடையாளம் காணப்பட்டது.

நிலக்கடலை

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் தாங்கிய டி.எம்.வி.2 இரகம் 1940இல் வெளியானது. நிலக்கடலை இலையின் இருபுறமும் இலைத்துளைகள் உண்டு. இரவில் சிற்றிலைகள் மடிவதும் இதே இயற்பியலால்தான்: அதைப்புள்ள இலையடியின் ஒருபக்கச் செல்கள் பொட்டாசியத்தை இழந்து தளர, மறுபக்கச் செல்கள் அதனைப் பெற்று விறைக்கின்றன. ஆகவே பொட்டாசியப் பற்றாக்குறை என்பது விளைச்சல் கணக்கில் மட்டும் அடங்குவதன்று. அத்தகைய பயிரில் துளை திறப்பதும் மூடுவதும் மந்தமாகின்றன. வறட்சிக் காலத்தில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை இலைவழித் தெளிக்கும் பரிந்துரையையும் இப்பின்னணியில் கற்பிக்கலாம்.

எனினும் மேற்கண்ட தட விவரங்களில் பெரும்பான்மையும் அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வகச் செடியிலிருந்து பெறப்பட்டவை. மானாவாரி நிலத்தில், நண்பகல் வெயிலில், நிலக்கடலையின் காப்பு செல் எந்த மண் ஈரத்தில் தன் எதிரயனித் தடங்களைத் திறக்கிறது என்பது இப்பகுதி ஆய்வு மாணவர் எடுத்துக்கொள்ளத் தக்க வினா.