சம்ப்புக்குப் போகவேண்டிய அமிலம்

மழைவெள்ளம் வடிந்ததும் சென்னைப் புறநகரான முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் தெருவோரம் ப்ளீச்சிங் பவுடர் தூவுவார்கள். வாடை மூக்கில் ஏறியதும் இனி பயமில்லை என்று தோன்றும். ஆனால் கிருமியைக் கொல்வது காய்ந்த பவுடரும் அல்ல, வாடையும் அல்ல. பவுடர் தண்ணீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம். அதனால் அது முதலில் போய்ச்சேர வேண்டிய இடம் வீட்டின் தரையடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்தான்.

இந்த அமிலத்தை 1834-ல் பலார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டறிந்தார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் உடம்பு அதைத் தயாரித்து வருகிறது. ரத்தத்தின் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள், விழுங்கிய பாக்டீரியாவைத் தீர்த்துக்கட்ட, ஹைட்ரஜன் பெராக்சைடையும் குளோரைடையும் சேர்த்து இதை உண்டாக்குகின்றன. முதல் உலகப்போரில் புண் கழுவ எடின்பரோவில் உருவான ‘யூசால்’ கரைசலின் சத்தும் இதுவே. மின்சுமை இல்லாத சின்ன மூலக்கூறு என்பதால் கிருமியின் சுவரைச் சுலபமாக ஊடுருவுகிறது. தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் மின்சுமையுள்ள ஹைப்போகுளோரைட்டாக மாறி வீரியம் குறைகிறது: பி.எச். 7.5-ல் பாதி அமிலமாக இருக்கும், 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

தெருவிலோ சேறும் குப்பையும் அமிலத்தைக் கிருமிக்கு முன்பே தின்றுவிடுகின்றன. வெயில் மிச்சத்தைச் சிதைக்கிறது. சம்ப்பில் நிலைமை வேறு. தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் சுமார் 2.5 கிராம் போதும். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றி அரைமணி நேரம் விடவேண்டும். பிறகு, மிஞ்சிய குளோரினை (அந்த அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்த அளவை) காட்டும் குளோரோஸ்கோப் குழாயில் மருந்துச் சொட்டு விட்டால், அதற்கேற்பத் தண்ணீர் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சவேண்டும் என்பது இந்தியத் தரம். பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

குளோரின் உடம்புக்குக் கெடுதல் என்பார்கள். அழுக்குத் தண்ணீரில் வேண்டாத துணைப்பொருள்கள் உண்டாவது உண்மைதான். ஆனால் கிருமி நீக்காத தண்ணீரின் ஆபத்து அதைவிட மிகப் பெரிது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காய்ச்சினாலோ ஆர்.ஓ. வைத்தாலோ போதாதா? குடிக்கும் நேரத்துக்குப் போதும்; குளோரினுக்குச் சாகாத சில கிருமிகளையும் கொதிக்கவைப்பது கொல்லும். ஆனால் அந்தத் தண்ணீரில் மறுபடி கை பட்டால் காவலுக்கு எதுவும் இராது. சாக்கடையே சம்ப்பில் கலந்துவிட்டால் பவுடரும் உதவாது. கசிவை அடைத்து, தொட்டியைக் காலிசெய்து கழுவத்தான் வேண்டும். 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் பாதிக்கப்பட்டபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்பதே சர்ச்சையானது. அப்படிப்பட்ட நேரத்தில் மாநகராட்சியிடம் கேட்கவேண்டிய கணக்கு, கடைசி வீட்டுக் குழாயில் எத்தனை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறது என்பதுதான்.